அவனுக்கு எறிந்த கொக்கி

மிஸ்டர் கிறகோரி வாயைத் திறந்தார். சொல் வரவில்லை. திரும்ப மூடிக்கொண்டார்.

புதுக்கடை நீதிமன்றத்தில், சாட்சிக் கூண்டின் ஓரத்தில், மேலங்கியின் கீழ்ப் பொத்தானை வழக்கம்போல இடது கையால் பிடித்தபடி அவர் நின்றிருந்தார். மேலே மின்விசிறி கறகறத்தது. நீதவான் பேனாவைக் காகிதத்துக்குச் சற்று மேலே பிடித்துக்கொண்டு காத்திருந்தார். அவருக்குக் கீழே சின்ன மேசையில் சுருக்கெழுத்துக் கொப்பியும் பென்சிலுமாக நானும் காத்திருந்தேன்.

நீதிமன்றங்களில் எல்லாம் ஆங்கிலத்திலேயே நடந்துகொண்டிருந்த காலம் அது. சாட்சி தமிழில் சொல்வதை நீதவானுக்கு ஆங்கிலத்தில் சொல்வது மிஸ்டர் கிறகோரியின் வேலை. அவர் சொல்லும் ஆங்கிலத்தை எழுதிக்கொள்வது என் வேலை.

அவர் தயங்கி அதற்கு முன் நான் பார்த்ததில்லை. தமிழில் வினைச்சொல் கடைசியில்தான் வரும். ஆங்கிலத்துக்கோ அது ஆரம்பத்திலேயே வேண்டும். அதனால் சாட்சி சொல்லி முடிக்கும்வரை பொறுத்திருந்து, முடிந்த கையோடு வாக்கியத்தைப் பின்னால் இருந்து முன்னுக்குத் திருப்பிக் கொடுக்க வேண்டும். அவர் அதைச் செய்வது பார்க்க அழகாக இருக்கும். கடைசிச் சொல் விழுந்த மறுகணம் ஆங்கில வாக்கியம் மடிப்புக் கலையாமல் வந்து நிற்கும்.

அன்றைக்குச் சாட்சி சொன்னது மிகச் சின்ன வாக்கியம்.

"அவனுக்குக் கொக்கிய எறிஞ்ச."

சாட்சி ஹமீது நானா. துறைமுகப் படகுத்துறையருகே தேநீர்க்கடை வைத்திருந்தவர். கொழும்பு முஸ்லிம் ஆட்களின் பேச்சில் 'எறிஞ்சான்' என்பது பல நேரம் 'எறிஞ்ச' என்றே நின்றுவிடும். அது எங்களுக்குப் பழக்கம். அந்த வாக்கியத்தில் விளங்காத சொல் ஒன்றுகூட இல்லை.

ஆனாலும் மிஸ்டர் கிறகோரி பேசாமல் நின்றார்.

பென்சில் ஓடுகிற வழி

வெள்ளவத்தையில் ஒரு மாடி அறையில் நான் சுருக்கெழுத்துப் படித்ததை இந்தப் பத்தியில் முன்பொரு கிழமை எழுதியிருந்தேன். கடற்கரை ரயில் போகும்போதெல்லாம் அந்த அறையின் யன்னல் கண்ணாடிகள் நடுங்கும். நடுங்கி முடியும்வரை நாங்கள் பென்சிலைத் தூக்கிக்கொண்டு உட்கார்ந்திருப்போம்.

சுருக்கெழுத்தில் ஒரு வசதி உண்டு. அடிக்கடி சேர்ந்து வருகிற சொற்களைப் பிரித்து எழுதத் தேவையில்லை. பென்சிலை எடுக்காமல் ஒரே கோடாக இழுத்துவிடலாம். 'லுக்' என்றால் 'லுக் அட்', 'லுக் ஃபார்', 'லுக் ஆஃப்டர்' என்று ஒவ்வொன்றுக்கும் ஒவ்வொரு வளைவு.

ஆங்கிலத்தில் நான் பெரிய கெட்டிக்காரி இல்லை. வீட்டில் தமிழ்தான். பாடசாலையில் இலக்கணம் படித்தது மறந்துபோயிற்று. ஆனால் அந்த வளைவுகளை எழுதி எழுதி ஒன்று தெரிந்துகொண்டேன். ஆங்கில வினைச்சொல் தனியே வந்து வேலை முடிப்பது குறைவு. தனக்குப் பிடித்த பெயர்ச்சொல்லை ஒரு கையில் பிடித்துக்கொண்டும், இன்னொரு கையில் 'இன்', 'ஆன்', 'அட்' என்று ஒரு சின்னச் சொல்லை இழுத்துக்கொண்டும்தான் வரும். அந்தச் சின்னச் சொல் மாறினால் வினைச்சொல்லின் குணமே மாறிவிடும். ஒருவரை 'லுக் ஆஃப்டர்' செய்தால் பராமரிக்கிறோம். 'லுக் டவுன் ஆன்' என்றால் அவரை இளப்பமாக நினைக்கிறோம். கண் என்னவோ ஒரே கண்தான்.

கோழிக்குழம்பும் வினைச்சொல்லும்

மதியச் சாப்பாட்டு நேரத்தில் மிஸ்டர் கிறகோரியும் நானும் இதையே பேசிக்கொண்டிருப்போம். பதிவறைக்குப் பின்னால் உட்கார ஒரு நீள வாங்கு கிடந்தது. அவர் மனைவி பிலோமினா கொட்டாஞ்சேனையிலிருந்து கட்டிக் கொடுக்கிற சோற்றுப் பார்சலில் கோழிக்குழம்பு இருந்தால் எனக்கும் ஒரு துண்டு வரும். எனக்கும் அவருக்கும் ஏறக்குறைய ஒரே வயது. ஆனாலும் அவர் என்னை 'மிஸ்' என்பார், நான் அவரை 'மிஸ்டர்' என்பேன். கடைசிவரை அது மாறவில்லை.

"மிஸ், நாங்கள் எல்லாத்தையும் 'பண்ணி'ப்போட்டுப் போயிடுவம். கலியாணம் பண்ணுவம், சத்தியம் பண்ணுவம், பிழை பண்ணுவம். இங்கிலிஷ்காரன் அப்பிடி விடமாட்டான். பிழையை 'மேக்' பண்ணவேணும், சத்தியத்தை 'டேக்' பண்ணவேணும், சாட்சியத்தை 'கிவ்' பண்ணவேணும். மாத்திச் சொன்னால் சிரிப்பான்."

"ஏன் அப்பிடி?"

"ஏன் எண்டு அவனுக்கும் தெரியாது. ஆனா யோசிச்சுப் பாருங்கோ, வடிவாத்தான் இருக்கு. சத்தியம் வெளியில எங்கேயோ இருக்கு, நீங்கள் போய் எடுக்கிறீங்கள். சாட்சியம் உங்களிட்ட இருக்கு, நீங்கள் குடுக்கிறீங்கள்."

அவர் பேசுவதைக் கேட்டால் ஆங்கிலம் எஜமானின் மொழியாகத் தோன்றாது. பக்கத்து வீட்டில் குடியிருக்கும், விசித்திரமான பழக்கங்கள் உள்ள, நல்ல மனிதர் போலத் தோன்றும்.

என் அம்மா, ஆங்கிலம் பேசும் பறங்கி அன்ரியின் வீட்டுக்குப் போய் விடைபெறும்போது 'ஐ வில் கோ அண்ட் கம்' என்பார். போயிட்டு வாறன் என்பதன் நேர் ஆங்கிலம். எனக்கு அது வெட்கமாக இருக்கும். ஒருநாள் மிஸ்டர் கிறகோரியிடம் சொல்லிச் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை.

"அதில என்ன பிழை, மிஸ்? வெறும் 'கோ' எண்டால் போனதோட சரி. உங்கட அம்மா திரும்பி வருவன் எண்டும் சொல்லுறா. அந்த அன்ரிக்கு விளங்குதுதானே."

அதன் பிறகு நான் சிரிக்கவில்லை. இன்றைக்கு நானே அப்படித்தான் சொல்லுகிறேன்.

சூசையும் மரியதாசும்

வழக்கு இதுதான்.

சூசையும் மரியதாசும் துறைமுகத்தில் மூட்டை இறக்குகிற வேலை. சூசையின் வீடு முகத்துவாரத்தில், ஆறு கடலில் சேருகிற பக்கம். மரியதாசின் வீடு கொட்டாஞ்சேனையில். மிஸ்டர் கிறகோரி இருந்த அதே குறுகிய ஒழுங்கை. இருவரும் நல்ல கூட்டாளிகள், சம்பவத்துக்கு முந்திய ஞாயிற்றுக்கிழமைவரை. அன்றைக்குக் கால்பந்து விளையாட்டில் ஏதோ தள்ளுமுள்ளு வந்து, மைதானத்தில் ஆளுக்காள் சட்டையைப் பிடித்துக்கொண்டார்கள். அதைப் பார்த்தவர்கள் பலர்.

அந்தக் கிழமை நடுவில் ஒரு காலைப்பொழுது, படகுத்துறையில் சூசை எறிந்த மூட்டைக் கொக்கி மரியதாசின் இடது கண்ணில் பட்டது. கண் போய்விட்டது.

மரியதாசைக் காரில் ஏற்றி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனவர்களில், அந்த வழியாக வேலைக்கு வந்துகொண்டிருந்த மிஸ்டர் கிறகோரியும் ஒருவர். இரத்தம் பட்ட அவருடைய சட்டையை பிலோமினா பிறகு தோய்க்கவே இல்லையாம், எறிந்துவிட்டாராம்.

மரியதாஸ் சாட்சிக் கூண்டில் ஏறி, "சண்டைக்குப் பிறகு அவன் என்னோட கதைக்கேல்ல. கொக்கி வந்ததுதான் தெரியும்" என்றான். சூசைக்கு வழக்கறிஞர் இல்லை. நீதவான் கேட்டபோது, "வேணுமெண்டு செய்யேல்ல, ஐயா" என்று மட்டும் சொன்னான். வேறு ஒன்றும் சொல்லத் தெரியவில்லை அவனுக்கு. இருபத்தைந்து வயது இருக்கும். கூண்டுக் கம்பியைப் பிடித்திருந்த கைகள் அவன் உடம்புக்குப் பெரியவையாக இருந்தன.

நேரில் பார்த்த மூன்றாவது ஆள் ஹமீது நானா ஒருவர்தான்.

வழக்கை நடத்திய பொலிஸ் இன்ஸ்பெக்டர் ஆங்கிலத்தில் கேட்டார்: "அதன் பிறகு எதிரி சூசை என்ன செய்தார்?"

மிஸ்டர் கிறகோரி தமிழில் கேட்டார். ஹமீது நானா சொன்னார்.

"அவனுக்குக் கொக்கிய எறிஞ்ச."

என் பென்சில் எறிந்தான் என்பதற்கு 'த்ரூ' என்று எழுதி, அதே மூச்சில் 'அட்' என்ற கோட்டுக்கு வளையத் தொடங்கியிருந்தது. நீதிமன்றத்தில் எறிகிறவர்கள் எல்லாரும் 'அட்' தான் எறிவார்கள். கல், போத்தல், செருப்பு எல்லாவற்றையும் அப்படித்தான் எழுதிப் பழக்கம்.

ஆனால் மிஸ்டர் கிறகோரியின் குரல் வரவில்லை. பென்சில் நடுவழியில் நின்றது.

நாய்க்கு எறிவது

"மிஸ்டர் இன்டர்பிரிட்டர்," என்றார் நீதவான். "நாங்கள் காத்திருக்கிறோம்."

அவர் கண்டிப்பானவர். தேவையில்லாமல் வாய் திறந்த வழக்கறிஞர்களே அவரிடம் வாங்கிக் கட்டியிருக்கிறார்கள்.

மிஸ்டர் கிறகோரி பொத்தானை விட்டார். "யுவர் ஒனர், மன்னிக்க வேண்டும். சாட்சி சொன்னதை ஆங்கிலத்தில் இரண்டு விதமாகச் சொல்லலாம். எந்த விதம் என்று அவர் இன்னும் சொல்லவில்லை."

இன்ஸ்பெக்டர் எழுந்தார். "யுவர் ஒனர், சாட்சி தெளிவாகச் சொல்லிவிட்டார். இவருடைய வேலை மொழிபெயர்ப்பது."

"அதைத்தான் செய்யப் பார்க்கிறேன், யுவர் ஒனர்," என்றார் மிஸ்டர் கிறகோரி. "ஒருவரை அடிக்க எறிந்தால் ஆங்கிலத்தில் 'த்ரோ அட்'. ஒருவர் பிடிப்பதற்காக எறிந்தால் 'த்ரோ டு'. தமிழில் இரண்டுக்கும் 'அவனுக்கு' என்றே சொல்லலாம். நாய்க்குக் கல் எறிந்தான் என்போம். நாய்க்கு எலும்பு எறிந்தான் என்றும் சொல்வோம். கல்லா எலும்பா என்பதிலிருந்து விளங்கிக்கொள்வோம். இங்கே எறிந்தது கொக்கி. கொக்கி வேலை சாமானும்தான், ஆயுதமும்தான். அதிலிருந்து எனக்கு ஒன்றும் விளங்கவில்லை."

நீதவான் அவரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இதில் ஒன்றை நான் தெரிவு செய்தால், யுவர் ஒனர், அது சாட்சியின் சாட்சியம் இல்லை. என்னுடைய சாட்சியம்."

நீதவான் பேனாவைக் கீழே வைத்தார். சிங்களவர் அவர், வீட்டில் சிங்களம், வெளியே ஆங்கிலம். அவர் உதடுகள் அசைந்தன. கீழே உட்கார்ந்திருந்ததால் எனக்குக் கேட்டது. நாயைத்தான் தன் மொழியில் சொல்லிப் பார்த்துக்கொண்டிருந்தார். "பல்லாட்ட கலக்... பல்லாட்ட கட்டுவக்..." முதலில் கல், பிறகு எலும்பு. இரண்டு நாயும் 'பல்லாட்ட' தான்.

அவர் நிமிர்ந்து பார்த்தபோது முகம் வேறாக இருந்தது.

"சிங்களத்திலும் அப்படித்தான்," என்றார், யாரிடமும் இல்லாமல். பிறகு இன்ஸ்பெக்டரிடம், "நீங்கள் உட்காரலாம். நான் கேட்கிறேன். எறிவதற்குக் கொஞ்சம் முன்னால் மரியதாஸ் என்ன செய்துகொண்டிருந்தார்?"

மிஸ்டர் கிறகோரி அதைத் தமிழில் கேட்டார். தன்னுடையதாக ஒரு சொல் கூட்டவில்லை, குறைக்கவில்லை.

ஹமீது நானா தொப்பியைச் சரிசெய்தார். "அவன் எண்ட கடையில தேத்தண்ணி குடிச்சிட்டு எழும்பின. படகு வந்திட்டு. 'அடேய், கொக்கியத் தா' எண்டு செல்லிக் கைய நீட்டின. இவன் அங்கால நிண்டு 'இந்தா' எண்டு செல்லித்தான் எறிஞ்ச. காலத்த வெயில் நேர மூஞ்சில. அவனுக்குப் புடிக்க ஏலாமப் போன."

"கையை நீட்டியதை நீங்கள் பார்த்தீர்களா?"

"ஓ. கோப்பைய எண்ட கையில தந்திட்டுத்தானே நீட்டின."

"இதை ஏன் பொலிசில் சொல்லவில்லை?"

"அவங்க அதக் கேக்கல்ல. எறிஞ்சதா எண்டு கேட்ட. எறிஞ்ச எண்டு சென்ன."

அதன் பிறகே மிஸ்டர் கிறகோரி அந்தச் சின்ன வாக்கியத்தை ஆங்கிலத்தில் சொன்னார். 'ஹி த்ரூ த ஹுக் டு ஹிம்.' பாதியில் நின்ற வளைவை வெட்டிவிட்டு நான் புதிதாக எழுதினேன்.

அடுத்த வாக்கியமும் எனக்கு மறக்கவில்லை. 'இட் ஸ்ட்ரக் ஹிம் இன் தி ஐ.' தமிழில் நாம் அவன் கண்ணில் பட்டது என்போம். ஆங்கிலத்தில் அடி முதலில் ஆளுக்குப் படுகிறது, பிறகுதான் கண்ணுக்கு. எத்தனையோ தடவை எழுதிய அமைப்புத்தான். அன்றைக்கு, ஒரு பக்கம் கட்டுப் போட்ட முகத்தோடு மரியதாஸ் எதிரே உட்கார்ந்திருக்க, அதைச் சரியென்று உணர்ந்தேன். கண்ணுக்கு மட்டுமா பட்டது?

சூசை விடுதலையானான்.

படிக்கட்டில்

வெளியே படிக்கட்டில் மரியதாசின் தாய் நின்றிருந்தார். மிஸ்டர் கிறகோரியைக் கண்டதும் முந்தானையை இழுத்துச் செருகினார்.

"ஒரே ஒழுங்கையில இருக்கிறம். என்ர பிள்ளையின்ர ரத்தம் உங்கட சட்டையிலயும் பட்டதெல்லோ. அந்தச் சூசை வாய் திறந்து சொல்லாததை நீங்கள் எடுத்துக் குடுத்திருக்கிறீங்கள்."

"நான் ஒண்டும் எடுத்துக் குடுக்கேல்ல, அம்மா."

"இனி எங்கட வீட்டுப் படி மிதிக்காதேங்கோ."

மிஸ்டர் கிறகோரி தலையைக் குனிந்துகொண்டு இறங்கினார். நானும் கூட இறங்கினேன். பஸ் தரிப்புவரை சேர்ந்தே நடந்தோம். எனக்கு வெள்ளவத்தை பஸ், அவருக்குக் கொட்டாஞ்சேனை பஸ். என் பஸ் வந்தது. நான் ஏறவில்லை.

"உங்களுக்கு முதலே தெரியுமோ, சூசை வேணுமெண்டு செய்யேல்ல எண்டு?" என்று கேட்டேன்.

அவர் என்னைப் பார்த்தார். "இல்லை மிஸ். அவன் வேணுமெண்டுதான் செய்தவன் எண்டு நினைச்சனான். இண்டைக்குக் காலம வரைக்கும். ஹமீது நானா வாய் திறக்கிற வரைக்கும் எனக்கு 'அட்' தான்."

"அப்ப ஏன் அப்பிடியே சொல்லேல்ல?"

"அது நான் நினைச்சது. அந்த மனுசன் சொன்னதில அது இல்லை."

சொல்லிவிட்டு அவர் தன் பஸ்ஸில் ஏறிப் போய்விட்டார். நான் அங்கேயே நின்றேன். பல வருடம் நீதிமன்றத்தில் இருந்திருக்கிறேன். பெரிய வழக்கறிஞர்களின் வாதங்களைப் பக்கம் பக்கமாக எழுதியிருக்கிறேன். ஒரு மனிதர் தன் சொந்த எண்ணத்தைத் தன் வாயிலிருந்து தள்ளி வைத்ததை அந்த ஒரு நாள்தான் கண்ணால் கண்டேன்.

ஒழுங்கையின் கோபம்

கொட்டாஞ்சேனை ஒழுங்கை அதைச் சும்மா விடவில்லை. பிலோமினா குழாயடிக்குப் போனால் பேச்சு நின்றுவிடுமாம். மாதா கோயிலில் அவர்கள் இருக்கிற வாங்கில் மற்றவர்கள் வந்து உட்காரமாட்டார்களாம். நத்தார்ப் பண்டிகைக்குப் பலகாரத் தட்டு நாலு வீட்டுக்குப் போய் நாலும் மூடின துணியோடேயே திரும்பி வந்ததாம்.

"வீடு மாறுவமோ எண்டு இவ கேக்கிறா," என்றார் ஒருநாள், சோற்றுப் பார்சலை விரித்துக்கொண்டே. "எங்க போறது?"

சாப்பாட்டு நேரப் பேச்சுக் குறைந்துவிட்டது. வினைச்சொற்களைப் பற்றி நான் ஏதாவது கேட்டால் பதில் சொல்வார். தானாகத் தொடங்கமாட்டார்.

அடுத்த கோயில் திருவிழாவுக்கு பிலோமினா என்னைச் சாப்பிட வரச் சொன்னார். வேறு விருந்தாளி இல்லை என்பது போன பிறகுதான் தெரிந்தது. ஒழுங்கை முழுக்க வெள்ளைக் கொடியும் நீலக் கொடியும் கட்டியிருந்தது. எல்லா வீட்டிலும் ஆட்கள். இந்த வீட்டில் மட்டும் நாங்கள் மூன்று பேர், பெரிய சட்டி நிறைய இறைச்சிக்கறி.

சாப்பிட உட்காரும்போது வாசலில் நிழல் விழுந்தது. மரியதாஸ். கறுப்புக் கண்ணாடி போட்டிருந்தான். உள்ளே வரவில்லை.

"மிஸ்டர் கிறகோரி, ஒரு கதை சொல்லவேணும்."

"உள்ளுக்கு வா."

"சொல்லிப்போட்டு வாறன்." நிலையைப் பிடித்துக்கொண்டான். "கொக்கியை நான்தான் கேட்டனான். கையை நீட்டினது எனக்கு நல்ல ஞாபகம். முதல் நாளே ஞாபகம் இருந்தது."

பிலோமினா கையிலிருந்த அகப்பையை அப்படியே பிடித்திருந்தார்.

"அப்ப ஏன் கோட்டில சொல்லேல்ல?" மிஸ்டர் கிறகோரியின் குரலில் கோபம் இல்லை. உண்மையாகவே தெரிந்துகொள்ளக் கேட்டார்.

"கண் போயிட்டுது. ஆராவது எடுத்தது எண்டால் அவனிலை கோவப்படலாம். ஒருத்தரும் எடுக்கேல்ல, சும்மா போயிட்டுது எண்டால் நான் என்ன செய்யிறது?" கறுப்புக் கண்ணாடியைச் சரிசெய்தான். "அம்மாவுக்கு நேற்றுச் சொல்லிப்போட்டன். அழுதவ. உங்களிட்ட வரச் சொன்னவ."

மிஸ்டர் கிறகோரி எழுந்து போய் ஒரு கதிரையை இழுத்துப் போட்டார். "இரு. சாப்பிடு முதல்ல."

"தனிய வரேல்ல. சூசை சந்தியில நிக்கிறான். உங்கட வீட்டுக்கு வர அவனுக்கு வெக்கமாம்."

மிஸ்டர் கிறகோரி செருப்பைத் தேடினார். அதற்குள் பிலோமினா அகப்பையைச் சட்டியில் போட்டுவிட்டு, ஈரக் கையை முந்தானையில் துடைத்துக்கொண்டே வாசலைக் கடந்து போய்விட்டார். ஒழுங்கை முழுக்கக் கேட்கிற குரலில், எல்லா வீட்டு வாசலிலும் ஆட்கள் நின்று பார்க்க, அவர் கூப்பிட்டார்.

"சூசை, வா தம்பி, சோறு ஆறுது."

பின்னேரம் நான் புறப்பட்டபோது மரியதாசும் சூசையும் எனக்கு முன்னால் நடந்து போனார்கள். திருவிழாக் கூட்டம் தெருவை அடைத்திருந்தது. பலூன்காரர்களும் மெழுகுதிரி விற்கிறவர்களும் எல்லாப் பக்கத்திலிருந்தும் நெருக்கினார்கள். மரியதாஸ் நேரே பார்த்து நடந்தான். சூசை அவனுடைய இடது பக்கத்தில், அரை அடி முன்னால் போனான். அந்தப் பக்கத்திலிருந்து யார் வந்தாலும் அவனுடைய பெரிய கை முன்னாலே போய் அவர்களை மெல்ல விலக்கிவிட்டது. மரியதாசுக்கு அது தெரியவில்லை.